கார்போக அரிசியும் நம்ம ஊர் வெயிலும்

(குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசியது)



போன கூட்டம் முடிந்ததும் இரண்டு, மூன்று அக்காமார் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "பகுச்சியோல்னு ஒரு சீரம் விக்காங்களே, சுருக்கம் போயிருமாமே, வாங்கலாமா?"

பெயர்தான் புதுசு. சரக்கு நம்ம வீட்டு நலுங்கு மாவில் சேரும் கார்போக அரிசிதான். அதிலிருந்து பகுச்சியோலை 1966இல் பிரித்தெடுத்தவர்களே புனே தேசிய வேதியியல் ஆய்வகத்துக்காரர்கள்தான்.

பலன் உண்டா? 2019இல் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 44 பேர், 12 வாரம். ஒரு பிரிவுக்கு 0.5 சதவீத பகுச்சியோல், மற்றப் பிரிவுக்கு அதே அளவு ரெட்டினால். சுருக்கமும் கருமையும் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுபோலக் குறைந்தன. எரிச்சலும் தோல் உரிவதும் ரெட்டினாலில்தான் அதிகம். நல்ல செய்தி. ஆனால் 44 பேர் நம்ம ஒரு பிளாக்கிலேயே இருப்பார்கள். அந்த அளவுக்கு நம்பினால் போதும்.

சீரம் விலை கூடுதல் என்று, நாட்டு மருந்துக் கடையில் கார்போக அரிசி வாங்கி அரைத்து, முகத்தில் பூசி ஊறவிடுகிறவர்கள் உண்டு. அதுதான் ஆபத்து. அந்த விதையில் சொராலென் என்ற பொருளும் இருக்கிறது. அது தோலில் இருக்கையில் வெயில் பட்டால் சிவந்து, கொப்பளித்து, கருத்துப்போகும். வெண்புள்ளிக்கு டாக்டர்கள் இதே சொராலெனைக் கொடுத்து, அளவு பார்த்துத்தான் புற ஊதாக் கதிரைக் காட்டுவார்கள். நாமோ பூசிக்கொண்டு மாடியில் வடகம் காயப்போடப் போகிறோம். உப்பு விளைகிற வெயில் இது! மாவில் துளி சேர்த்துக் குளித்துக் கழுவிவிடுவது வேறு.

தோலைத் தளரவைப்பதும் அதே வெயில்தான். புற ஊதா 'ஏ' கதிர் ஆழமாக இறங்கி, தோலைத் தாங்கும் கொலாஜனைச் சிதைக்கும். ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும். உப்பளத்துப் பெண்களுக்கு மேலிருந்தும் வெயில், வெள்ளை உப்பில் பட்டுக் கீழிருந்தும் வெயில்.

அதனால் முதல் செலவு சன்ஸ்கிரீனுக்கு. எஸ்பிஎஃப் 30க்குக் குறைய வேண்டாம். சீரம் வாங்கினால் சதவீதம் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். முழங்கை உள்பக்கம் சில நாள் பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள். கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம்.

முத்துப் பவுடர் பற்றியும் ஒருவர் கேட்டார். நம்ம ஊரில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல். முத்தில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட். சிப்பி ஓட்டிலும் அதுவேதான்.

ஏற்கெனவே பூசிக் கொப்பளம் வந்திருந்தால் இன்னொரு கிரீம் தேடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். பூசிய பொடியையும் கையோடு கொண்டுபோங்கள்.