பாட்டியின் சொல்லும் ரத்தத்தின் சாட்சியும்



யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அவர் நம் மக்களின் வாய்மொழியையும் வரலாற்றுச் சான்றாக ஏற்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வாதாடியவர். ஆகவே இந்த ஆண்டு அவருடைய கேள்வியையே எடுத்துக்கொண்டோம்: தாத்தா யார் என்று தெரியாத ஒரு குடும்பத்தில், பாட்டி சொன்னதை யார் நம்புவார்கள்? இன்று டி.என்.ஏ. சோதனை அதற்கு விடை தருகிறது என்கிறார்கள். எவ்வளவு விடை, யாருக்கு விடை என்று பார்ப்போம்.

கறுப்பின மக்களின் அனுபவத்திலிருந்து தொடங்குகிறோம். 1946இல் அண்ணல் அம்பேத்கர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, அவர்கள் நிலைக்கும் தீண்டப்படாதோர் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டினார். அந்த உறவு நமக்குப் புதிதல்ல.

1873இல் ஒஹையோ மாநிலத்தில் மேடிசன் ஹெமிங்ஸ் என்ற தச்சர் ஓர் உள்ளூர்ப் பத்திரிகையிடம் தன் பிறப்பைப் பற்றிச் சொன்னார். தாய் சாலி ஹெமிங்ஸ், அடிமை. தந்தை, அவரைத் தன் உடைமையாக வைத்திருந்த தாமஸ் ஜெஃபர்சன். மனிதர் அனைவரும் சமம் என்று சுதந்திரப் பிரகடனத்தில் எழுதியவர். அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவர். வரலாற்று அறிஞர்களில் பெரும்பாலோர் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இதை ஏற்கவில்லை. ஜெஃபர்சனின் அங்கீகரிக்கப்பட்ட பேரப்பிள்ளைகளோ, அவருடைய சகோதரி மகன்களான கார் சகோதரர்கள்மீது பழியைப் போட்டார்கள். பெரிய வீட்டின் பேச்சு வரலாறாயிற்று. தச்சரின் பேச்சு வதந்தியாயிற்று.

1997இல் கறுப்பினச் சட்ட அறிஞர் அனெட் கோர்டன்-ரீட் இதை ஒரு நூலாக எழுதினார். இருந்த சான்றுகளையே எடுத்து, வெள்ளையர் பேச்சுக்கு ஒரு படியும் கறுப்பர் பேச்சுக்கு வேறு படியும் வைத்து அளந்திருக்கிறார்கள் என்று காட்டினார். மறு ஆண்டு, 1998இல், ‘நேச்சர்’ இதழில் டி.என்.ஏ. ஆய்வு வெளிவந்தது. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு ஏறத்தாழ மாறாமல் வருவது. ஜெஃபர்சனுக்கு அங்கீகரிக்கப்பட்ட மகன் எவரும் பிழைத்திருக்கவில்லை. அதனால் அவருடைய சிற்றப்பா-பெரியப்பா வழி ஆண் வாரிசுகளிடம் ரத்தம் எடுத்தார்கள். மேடிசனின் தம்பி எஸ்டனுடைய ஆண்வழி வாரிசின் மாதிரி அதனோடு பொருந்தியது. கார் குடும்ப மாதிரி பொருந்தவில்லை.

ஆனால் இந்தச் சோதனை தனியே நின்று ஜெஃபர்சனைச் சுட்டிவிடாது. அதே குரோமோசோம் அவர் தம்பிக்கும் உண்டு. ஒவ்வொரு குழந்தையும் கருவான காலத்தில் ஜெஃபர்சன் அந்த வீட்டில் இருந்தார் என்ற பதிவும், மேடிசனின் வாக்குமூலமும் சேர்ந்தபோதுதான் வழக்கு முடிந்தது. 2000இல் ஜெஃபர்சனின் வீட்டைப் பராமரிக்கும் அறக்கட்டளையே ஏற்றுக்கொண்டது. ரத்தம் பேசுவதற்கும் மகன் சொன்ன சொல் தேவைப்பட்டது.

சாதாரணக் குடும்பங்கள் இதை எப்படிச் செய்கின்றன? தாயின் தந்தையைத் தேடுபவருக்கு ஒய் குரோமோசோம் உதவாது. உடலின் மற்ற குரோமோசோம்களைப் பார்க்கும் சோதனை வேண்டும். ஒவ்வொரு தாத்தா பாட்டியிடமிருந்தும் நமக்குச் சராசரியாகக் கால் பங்கு வருகிறது. ஒரே தாத்தா, வெவ்வேறு பாட்டிகள் என்றால் அந்தப் பேரப்பிள்ளைகளுக்கிடையே சுமார் 6 சதவீதம் பொதுவாக இருக்கும். உமிழ்நீரைக் கொடுத்தால், நிறுவனத்தின் தரவில் உள்ள உறவினர்களின் பட்டியல் வரும். தெரிந்த உறவுகளைக் கழித்துவிட்டு, மிஞ்சியவர்களின் வம்சாவளிகள் எந்தத் தம்பதியிடம் போய்ச் சேர்கின்றன என்று தேட வேண்டும். அந்தத் தம்பதியின் எந்த மகன், எந்த ஆண்டில், பாட்டி இருந்த ஊரில் இருந்தான் என்று பார்க்க வேண்டும். அங்கே ஆய்வுக்கூடம் நின்றுவிடுகிறது, ஆவணம் தொடங்குகிறது.

ஆவணமோ யாருக்கு இருக்கிறது? அமெரிக்காவின் 1850, 1860 அடிமைக் கணக்கெடுப்பில் உடைமையாளரின் பெயர் உண்டு. அவருக்குக் கீழே அடிமைகளுக்கு வயது, பால், நிறம் மட்டுமே. விடுதலை பெற்ற மக்கள் அனைவரும் பெயரோடு வருவது 1870இல்தான். 2015இல் வெளியான ஆய்வொன்றின்படி ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் மரபணுவில் சராசரியாக 24 சதவீதம் ஐரோப்பிய வழியில் வந்தது. அதில் பெரும்பங்கு ஆண்கள் வழியே. அத்தனை தாத்தாக்களின் பெயரையும் தாள் மறைத்தது.

அது தற்செயல் அல்ல. 1662இல் வர்ஜீனியா ஒரு சட்டம் போட்டது: குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது. அடிமைப் பெண்ணின் பிள்ளை அடிமை. உடைமையாளர் தகப்பனானால் அவருக்கு இழப்பில்லை. சொத்தில் ஒன்று கூடியது. சாலி ஹெமிங்ஸால் மறுத்திருக்க முடியாது. மறுக்கும் உரிமை அவருக்குச் சட்டத்தில் இல்லை. இதை எந்த ரத்த மாதிரியும் சொல்லாது. தாத்தா யார் என்பதைச் சோதனை காட்டும். பாட்டிக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பாட்டியின் சொல்தான் காட்டும். 2002இல் ஜெஃபர்சன் வாரிசுகளின் சங்கம் ஹெமிங்ஸ் வாரிசுகளைக் குடும்ப இடுகாட்டு உரிமையுள்ள உறுப்பினராக ஏற்க வாக்கெடுப்பில் மறுத்தது. உறவு நிரூபணமான பிறகும் வாசல் திறக்கவில்லை.

நம் சேரிகளிலும் பண்ணை வீட்டுச் சாயல் என்று தாழ்ந்த குரலில் பேசப்படும் பிள்ளைகள் உண்டு. அந்தப் பேச்சில் தலைகுனிய வைக்கப்படுபவள் எப்போதும் களத்தில் வேலை செய்த பெண், பண்ணையார் அல்ல. தாத்தாவைத் தேடுகிறோம் என்றால், உயர்ந்த ரத்தம் நம்மிடமும் இருக்கிறது என்று மார்தட்டுவதற்கு அல்ல. ரத்தத்தின் உயர்வு தாழ்வு சாதியின் கணக்கு. நாம் கேட்பது பொறுப்பை.

2012இல் உச்ச நீதிமன்றம், கலப்பு மணத்தில் பிறந்த பிள்ளை தந்தையின் சாதிதான் என்பது மாற்ற முடியாத விதி அல்ல என்றது. பட்டியல் சாதித் தாயால் வளர்க்கப்பட்டு, அவள் சமூகத்தின் இழிவையும் இழப்பையும் அனுபவித்திருந்தால் அதைக் காட்டலாம் என்றது. அங்கே கேட்கப்பட்டது ரத்தம் அல்ல, வாழ்க்கை.

இதே கருவி நமக்கு எதிராகவும் திரும்பும். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. விசாரணையில் பாதிக்கப்பட்டவர்களிடமே டி.என்.ஏ. சோதனைக்கு ரத்தம் கேட்டார்கள். சிலர் மறுத்தார்கள். அவர்கள் அறிவியலை மறுக்கவில்லை. தங்கள் புகாரை நம்பாமல் தங்கள் உடலைச் சோதிப்பதை மறுத்தார்கள். 2025இல் அந்த மக்களுள் மூவர்மீதே குற்றப்பத்திரிகை வந்தது. மாதிரியை யார் கேட்கிறார், யாரிடம் கேட்கிறார் என்பதை முதலில் பாருங்கள்.

மாணவர்களுக்குச் சில சொற்கள். ஒருவர் உமிழ்நீர் கொடுத்தால் அண்ணன், தங்கை, பெரியம்மா பிள்ளைகள் எல்லாரும் அதில் வெளிப்படுகிறார்கள். அவர்களையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நிறுவனங்களிடம் கொடுத்த விவரம் பத்திரமாக இருக்கும் என்றும் நம்ப வேண்டாம்: 2023இல் 23அண்ட்மீ நிறுவனத்தின் சுமார் 69 லட்சம் பயனர்களின் விவரங்கள் கசிந்தன, 2025இல் அது திவால் மனு கொடுத்தது. தலைமுறைகளாக அகமணம் செய்யும் நம் சமூகங்களில் தூரத்து உறவும் நெருங்கிய உறவுபோலத் தோன்றும்; முடிவுகளை அவசரப்பட்டுப் படிக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பு உங்கள் வீட்டு முதிய பெண்களிடம் உட்காருங்கள். அவர்கள் சொல்ல விரும்புவதை, விரும்பும் அளவுக்கு, அவர்கள் சொற்களிலேயே பதிவு செய்யுங்கள். ஊர், பண்ணை, கூலி, அந்த ஆண்டின் பஞ்சம், உடன் நாற்று நட்டவர்களின் பெயர் எல்லாம் வேண்டும். சொல்ல மறுத்தால் அந்த மறுப்பையும் மதியுங்கள். சோதனைக்கூடம் நாளையும் இருக்கும். பாட்டி இருக்க மாட்டார்.

ஜெய்பீம்.