துருப்பிடித்த பெட்ரோல் தொட்டி: ஒட்டுவதா, மாற்றுவதா?



இன்றைய கருத்தரங்கின் பொருள் பழைய கார்கள். பழைய காரை வைத்திருப்பவர்கள் அதன் இயந்திரத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். சாயத்தைப் பற்றி, இருக்கைத் தோலைப் பற்றி, பழைய எண் தகட்டைப் பற்றிப் பேசுவார்கள். காரின் பின்பெட்டிக்கு அடியில், யாருடைய கண்ணிலும் படாமல் தொங்கிக்கொண்டிருக்கும் பெட்ரோல் தொட்டியைப் பற்றிப் பேசுபவர் குறைவு. ஆனால், அந்தக் கார் வீட்டு முன்கூடத்தில் நிம்மதியாக நிற்கிறதா, வீட்டுக்கே ஆபத்தாக நிற்கிறதா என்பதை முடிவு செய்வது அந்தத் தொட்டிதான்.

எடுத்துக்காட்டுக்கு மோரிஸ் மைனரை எடுத்துக்கொள்ளலாம். 1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான கார் அது. பின்னாளில் மினி காரையும் வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் இதையும் வடிவமைத்தார். 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்பதற்குள் 16 லட்சத்துக்கும் அதிகமான கார்கள் வெளிவந்தன. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இந்தக் காருக்குத் தனி மதிப்பு இருந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய காரை அப்பா பிள்ளைக்கு விட்டுச் சென்ற குடும்பங்கள் உண்டு. இன்று ஓடிக்கொண்டிருக்கும் மோரிஸ் மைனர்களில் ஆக இளையதற்கே வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அதன் தொட்டிக்கும் அதே வயதுதான்.

முதல் கேள்வி: பெட்ரோல் நிற்கிற பாத்திரம் எப்படித் துருப்பிடிக்கிறது? பெட்ரோல் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்வதில்லை. தண்ணீர்தான் அதைச் செய்கிறது. பாதி காலியான தொட்டிக்குள் காற்று இருக்கிறது. காற்றில் ஈரம் இருக்கிறது. பகலில் சூடேறி இரவில் குளிரும்போது அந்த ஈரம் தகட்டின் உட்புறத்தில் துளித்துளியாகப் படிகிறது. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது. ஆகவே, அது கீழே இறங்கி அடித்தட்டில் தங்கிவிடுகிறது. கார் மாதக்கணக்கில் நின்ற இடத்திலேயே நின்றால், அந்தத் தண்ணீரும் நின்ற இடத்திலேயே நின்று தகட்டை அரிக்கிறது.

அந்தக் காலத்துத் தொட்டிகள் பலவற்றின் தகட்டில் ஈயமும் வெள்ளீயமும் கலந்த மெல்லிய பூச்சு இருக்கும். அது தேயும் வரை தொட்டி தாங்கும். தேய்ந்த பிறகு தாங்காது.

வெளிப்புறத்தில் கதை வேறு. சக்கரம் வாரியடிக்கும் சேறு தொட்டியின் விளிம்பிலும் தொட்டிக்கும் தரைத்தகட்டுக்கும் இடையிலும் சேர்கிறது. மழை நாட்டில் அந்தச் சேறு காய்வதே இல்லை. இரண்டு தகடுகள் சேரும் மடிப்பில்தான் துரு முதலில் உட்காருகிறது. உள்ளேயிருந்து ஒன்று, வெளியேயிருந்து ஒன்று என்று இரண்டு துருவும் சந்திக்கும் இடத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுகிறது.

எரிபொருளும் மாறிவருகிறது. பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் 10 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல் வழக்கமான பெட்ரோலாகிவிட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர் குழாய்களையும் அது கெடுக்கும். அப்படிப்பட்ட பெட்ரோல் விற்கும் நாட்டில் பழைய கார் வைத்திருப்பவர் தொட்டியை இன்னும் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

அடுத்த கேள்வி: தொட்டி கெட்டுவிட்டது என்பதை எப்படி அறிவது? மூக்குதான் முதல் சாட்சி. பின்பெட்டியைத் திறந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறதா? ‘பழைய கார் என்றால் வாடை அடிக்கத்தான் செய்யும்’ என்று சமாதானம் சொல்லிக்கொள்வது தவறு. நல்ல நிலையில் உள்ள பழைய காரின் பின்பெட்டியில் வாடை அடிக்காது. எண்ணெய் நிலையத்தில் முழுமையாக நிரப்பிய அன்று மட்டும் வாடை அடித்தால், கோளாறு தொட்டியின் மேற்பகுதியில் அல்லது நிரப்பும் குழாயின் ரப்பர் இணைப்பில் இருக்கக்கூடும். எந்நேரமும் அடித்தால் கோளாறு கீழே இருக்கக்கூடும்.

காது இரண்டாவது சாட்சி. மோரிஸ் மைனரில் பெட்ரோலை இழுத்து வரும் மின்சாரப் பம்பு முன்புறத்தில் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அது ‘டிக் டிக்’ என்று சில முறை அடித்துவிட்டு அமைதியாகிவிட வேண்டும். பெட்ரோல் இருந்தும் அது ஓயாமல் வேகமாக அடித்துக்கொண்டிருந்தால், வழியில் எங்கோ காற்றை இழுக்கிறது அல்லது எங்கோ பெட்ரோல் கசிகிறது என்று பொருள். மூன்றாவது சாட்சி வடிகட்டி. அதில் செந்நிறத் தூள் படிந்திருந்தால் தொட்டியின் உட்புறம் உதிர்கிறது.

அந்தத் தூளை அற்பம் என்று ஒதுக்கக் கூடாது. அது கார்புரேட்டருக்குப் போனால், பெட்ரோலை நிறுத்தவேண்டிய ஊசி வால்வில் சிக்கிக்கொள்ளும். வால்வு மூடாது, பெட்ரோல் வழியும். மோரிஸ் மைனரில் கார்புரேட்டர் இருப்பது புகை வெளியேறும் சூடான குழாய்க்கு மேலே. பின்னால் இருக்கும் தொட்டியின் துரு, முன்னால் தீயை மூட்டும் வழி இதுதான்.

இப்போது முக்கியமான கட்டம். கசிகிற தொட்டியை என்ன செய்வது? வழிகள் மூன்று: ஓட்டையை அடைப்பது, உட்புறத்தைச் சுத்தம் செய்து பூச்சுப் போடுவது, புதுத் தொட்டி வாங்குவது. எது சரி என்பதைத் தொட்டிதான் சொல்ல வேண்டும். அதற்கு அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கழற்றும் முறையில்தான் உயிர் இருக்கிறது.

பெட்ரோல் திரவத்தைவிட அதன் ஆவி ஆபத்தானது. சுழியத்திற்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் பெட்ரோல் தீப்பற்றக்கூடிய ஆவியை வெளியிடும். காற்றில் அந்த ஆவி சுமார் 1.4 விழுக்காட்டிலிருந்து 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். அது காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தவழ்ந்து போகும். பட்டறைக் குழிக்குள் இறங்கித் தங்கும். பத்தடி தள்ளி இருக்கும் சமையலறை அடுப்பு வரைக்கும் போகும்.

ஆகவே, வேலையைத் திறந்த வெளியில், வெயில் நேரடியாகப் படாத இடத்தில் செய்ய வேண்டும். குழிக்கு மேல் காரை நிறுத்தி ஒருபோதும் பெட்ரோலை இறக்கக் கூடாது. பெட்ரோலைத் திறப்பதற்கு முன்பே பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். ஆவி பரவிய பிறகு கழற்றினால் அந்தப் பொறியே போதும். சாதாரண பிளாஸ்டிக் வாளியில் பிடிக்கக் கூடாது. பெட்ரோலுக்கென்று செய்த மூடியுள்ள கலனில் பிடிக்க வேண்டும். மின் துளைக்கருவி, கம்பி விளக்கு, சிகரெட் எதுவும் அருகில் கூடாது. நுரை அல்லது உலர் தூள் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும். இறக்கிய பழைய பெட்ரோலைச் சாக்கடையில் கொட்டுவது ஊருக்கே செய்யும் கேடு. கழிவு எண்ணெயை முறையாக அனுப்பும் பட்டறையிடம் அதை ஒப்படைக்க வேண்டும்.

கழற்றிய தொட்டியை நன்றாகக் கழுவி, உலர்த்தி, ஆவி முழுவதும் போன பிறகே சோதிக்க வேண்டும். முதலில் விரல் முட்டியால் தட்டிப் பார்க்கலாம். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு மொத்தென்று ஒலிக்கும். திருப்புளியின் முனையால் அழுத்தினால் தகடு உள்வாங்குகிறதா? அப்படியானால் மேற்கொண்டு பேச்சே வேண்டியதில்லை. அடுத்து, வாய்களை அடைத்து, மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்திச் சோப்பு நீரைத் தடவிப் பார்ப்பார்கள். குமிழி வரும் இடமெல்லாம் ஓட்டை. டயருக்கு அடிப்பதுபோல் அடித்தால் தொட்டி பிதுங்கிவிடும். அனுபவமுள்ளவரே செய்ய வேண்டும்.

தகடு கெட்டியாக இருந்து, ஓர் ஓட்டை மட்டும், அதுவும் கல் பட்டு விழுந்ததாக இருந்தால் அடைக்கலாம். நடுவழியில் கசிந்தால் கட்டிச் சோப்பைத் தேய்த்து அடைக்கும் பழைய தந்திரம் உண்டு. பெட்ரோலில் சோப்பு கரையாது. ஆனால், அது வீடு வந்து சேர்வதற்கான வழி. காரை வைத்துக்கொள்வதற்கான வழி அல்ல. எப்பாக்சி மாவும் அப்படித்தான். இன்று ஓர் ஓட்டையை அடைத்தால், அரித்த தகட்டில் அடுத்த மாதம் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று திறக்கும்.

உள்ளே துரு மேலாக மட்டும் இருந்தால் இரண்டாவது வழி பொருந்தும். சிறு சங்கிலியையோ கூழாங்கல்லையோ உள்ளே போட்டுக் குலுக்கி உதிர்க்கிறார்கள். பிறகு, பாஸ்பாரிக் அமிலம், சிட்ரிக் அமிலம் போன்ற மென்மையான அமிலத்தால் துருவைக் கரைக்கிறார்கள். கழுவியவுடன் உலர்த்தாவிட்டால் சில மணி நேரத்திலேயே புதுத் துரு படியும். நன்கு உலர்ந்த பிறகு பெட்ரோலுக்குத் தாங்கும் பூச்சை ஊற்றி, தொட்டியைப் புரட்டிப் புரட்டிப் பரவவிட்டு, மிச்சத்தை வடித்துவிடுகிறார்கள்.

இதில் ஒரு குறையும் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கோ ஈரமோ ஒட்டியிருந்த இடத்தில் பூச்சு பிடிக்காது. நாளடைவில் அது ஏடு ஏடாக உரிந்து, பெட்ரோல் வெளியேறும் குழாயை அடைக்கும். அப்புறம் அதைச் சுரண்டி எடுப்பது பெரும் பாடு. வாங்கும் பூச்சு எத்தனாலுக்குத் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். மடிப்பு முழுவதும் அரித்த தொட்டிக்குப் பூச்சுப் போடுவது, செல்லரித்த தூணுக்குச் சாயம் அடிப்பது போன்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘பட்டறையில் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் வெல்டிங் வைத்துத் தருவார்’ என்று சிலர் சொல்வார்கள். காலியான தொட்டியில்தானே வைக்கிறார், என்ன ஆகும் என்று கேட்பார்கள். நிறைந்த தொட்டியைவிடக் காலியான தொட்டிதான் வெடிகுண்டு. அதில்தான் ஆவியும் காற்றும் கலந்திருக்கின்றன. பல ஆண்டு காய்ந்து கிடந்த தொட்டியிலும் பிசின் ஒட்டியிருக்கும். சூடுபட்டதும் அது ஆவியாகும். வெறும் தண்ணீரில் அலசினால் போதாது. நீராவியால் கழுவி, ஆவி இல்லை என்று கருவியால் அளந்து, கரியமில வாயு அல்லது நைட்ரஜன் போன்ற எரியாத வாயுவை நிரப்பித்தான் அதற்கென்று பயின்றவர்கள் தொட்டியில் நெருப்பு வைப்பார்கள். அந்த ஏற்பாடு இல்லாத பட்டறைக்காரர் மறுத்தால் அவரைக் கோழை என்று நினைக்கக் கூடாது. வற்புறுத்தவும் கூடாது. காசு மிச்சமாகிறது என்று இன்னொருவர் வீட்டு ஆண்பிள்ளையின் உயிரைப் பணயம் வைக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

மூன்றாவது வழி புதுத் தொட்டி. மோரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: அந்தக் காருக்குப் புதிதாகச் செய்த தொட்டிகள் பிரிட்டனில் இன்றும் விற்கப்படுகின்றன. வாங்கும் முன் கார் எந்த ஆண்டுக்குரியது என்று பார்க்க வேண்டும். தொடக்ககால மைனரின் தொட்டி 5 காலன் கொண்டது. 1957இல் அது 6.5 காலனாக, அதாவது ஏறக்குறைய 30 லிட்டராகப் பெரிதாக்கப்பட்டது. எல்லாப் பழைய காருக்கும் இந்த வசதி இல்லை. புதிது கிடைக்காத காருக்குப் பழையதை மாதிரி வைத்து, தொட்டி செய்பவரிடம் துருப்பிடிக்காத எஃகிலோ அலுமினியத்திலோ செய்து வாங்கலாம். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் தொட்டி விலை குறைவுதான். ஆனால், அதற்கும் அதே வயது. அதே நோயும் இருக்கும். வேறு காரின் தொட்டியைப் பின்பெட்டிக்குள் வைத்துக் கட்டுவது கூடவே கூடாது. அது பயணிகளுடன் பெட்ரோலையும் ஒரே அறையில் உட்காரவைப்பதாகும்.

புதுத் தொட்டி பூட்டும்போது பழைய ரப்பர் குழாய்களையும் வடிகட்டியையும் அளவுமானியின் அடிவளையத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பெட்ரோல் செல்லும் குழாயை ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். இல்லையென்றால் பழைய துரு புதிய தொட்டியோடு குடித்தனம் நடத்தும். அளவுமானி தொட்டியின் தகடு வழியாக ‘எர்த்’ பெறுவதாக இருந்தால், அந்த இடத்தில் சாயம் மூடியிருக்கக் கூடாது; முள் நகராது. வெளிப்புறத்துக்கு நல்ல சாயம் அடிக்க வேண்டும். தகடுகளுக்கு இடையே தண்ணீரை உறிஞ்சும் பஞ்சையோ கம்பளியையோ திணிக்கக் கூடாது.

பிறகு பராமரிப்பு. காரை நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் தொட்டி அரைகுறையாக இருக்கக் கூடாது. காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரத்துக்கும் இடம் குறையும். வாரம் ஒருமுறையாவது காரை ஓட்டுவது நல்லது. ஆண்டுக்கு ஒருமுறை கீழே குனிந்து தொட்டியின் விளிம்பில் ஒட்டிய சேற்றைக் கழுவிவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. அப்பாவின் காரில் அப்பா தொட்ட பொருளை எல்லாம் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு இருப்பது இயல்பு. அந்த எண்ணம் மதிக்கத்தக்கது. ஆனால், அப்பா பிடித்த சுக்கான் வேறு. துருப்பிடித்த தொட்டி வேறு. சுக்கானை வைத்துக்கொள்ளலாம். தொட்டியை மாற்றிவிடலாம். அந்தக் காரின் பின்னிருக்கையில் இன்று பேரப்பிள்ளைகள் உட்காருகிறார்கள். அவர்கள் இருக்கைக்குப் பின்னால் கசிகிற தொட்டி இருப்பதை அந்த அப்பாவே ஒப்பியிருக்க மாட்டார்.