டெம்ப்ளேட்டை விடுங்க, கேள்வியைக் கேளுங்க

இன்னிக்கு சி.வி. பத்திப் பேசப் போறோம். ரெஸ்யூம்னு சொன்னாலும் சரிதான். ஆனா இது "பத்து டிப்ஸ்" எபிசோட் இல்ல. மாணவர்கள் தாங்களாவே படிச்சு சி.வி. எழுதக் கத்துக்கிற ஆன்லைன் பாடத்தை எப்படி உருவாக்குறதுங்கிறதுதான் விஷயம். காலேஜ் பிளேஸ்மென்ட் டீம்ல இருக்கிறவங்க, ஜூனியர்ஸுக்கு உதவுற சீனியர்ஸ், உங்களுக்காகத்தான் இது.

நம்ம வெள்ளானூரையே எடுத்துக்குவோம். ஆவடிக்கு வடக்கே இருக்கிற ஊர். வேல்டெக் பல்கலைக்கழகம் இந்தப் பக்கம்தான். தெற்கே வந்தா 1964-ல தொடங்கின அம்பத்தூர் தொழிற்பேட்டை. படிக்கிற இடத்துக்கும் வேலை இருக்கிற இடத்துக்கும் நடுவுல சில கிலோமீட்டர்தான். ஆனா வீட்டுல முதல் பட்டதாரியா இருக்கிற ஒருத்தருக்கு, "இந்த வரி சரியா இருக்கா?"ன்னு கேக்க வீட்டுல ஆள் கிடையாது. சுயமா படிக்கிற பாடம் அவருக்குத்தான் ரொம்ப அவசியம்.

பாடமே இல்லையான்னா, இருக்கு. தமிழக அரசு 2022 மார்ச் 1-ல 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கி, திறன் பயிற்சிகளைக் கல்லூரி வரைக்கும் கொண்டுவந்தது. டி.சி.எஸ். அயான் நடத்துற 15 நாள் இலவச கோர்ஸ்ல ரெஸ்யூம் எழுதுறதுக்கே தனிப் பாடம் இருக்கு. அமெரிக்காவுல பர்டூ பல்கலைக்கழகம் 1976-ல ஒரு எழுத்துப் பயிற்சி மையம் தொடங்கி, 1990-கள்லயே அதை இணையத்துக்குக் கொண்டுவந்துடுச்சு. அதுல இருக்கிற சி.வி. பக்கங்களை யார் வேணும்னாலும் படிக்கலாம்.

அப்புறம் ஏன் நம்ம பசங்க சி.வி. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு? மேல "கெரியர் அப்ஜெக்டிவ்", நடுவுல "ஹார்ட் ஒர்க்கிங், டீம் பிளேயர்", கீழ அப்பா பேரு, கடைசியா "ஐ ஹியர்பை டிக்ளேர்". பேரை மறைச்சிட்டா யாரோடதுன்னே தெரியாது. காரணம் சிம்பிள். நாம கொடுக்கிறது டெம்ப்ளேட். டெம்ப்ளேட் காலி இடத்தைக் காட்டும். அங்க போட நம்மகிட்ட என்ன இருக்குன்னு யோசிக்க வைக்காது.

ஒரு உதாரணம். சனி, ஞாயிறுன்னா கல்யாண மண்டபத்துல கேட்டரிங் வேலைக்குப் போற ஒரு பி.காம். மாணவர்னு வெச்சுக்குவோம். "எக்ஸ்பீரியன்ஸ்"ங்கிற கட்டத்துல அவர் "நில்"னு போடுவார். அதையே "வார இறுதியில எங்க போவீங்க? எத்தனை பேரோட வேலை செஞ்சீங்க? ஏதாவது சொதப்பினப்ப என்ன பண்ணீங்க?"ன்னு கேளுங்க. "ஆறு பேர் கொண்ட பரிமாறும் குழுவை ஒருங்கிணைத்தேன், ஒரு பந்தியில் 200 பேர்"னு ஒரு வரி வந்துடும். பொய் இல்ல, மிகை இல்ல. அவர் செஞ்ச வேலைதான். கௌரவக் குறைச்சல்னு நெனச்சு மறைச்ச வேலை, சி.வி.யிலேயே கனமான வரியா ஆகுது.

அதனால பாடத்தை இப்படிக் கட்டலாம். முதல்ல கேள்வித் தாள், ஃபார்மேட் அப்புறம். விளக்கம் தமிழ்ல, ஆடியோவா இருக்கட்டும். எழுத வேண்டிய வரி மட்டும் இங்கிலீஷ்ல. ஒவ்வொரு பாடமும் போன்லயே பத்து நிமிஷத்துல முடியணும். லேப்டாப் எல்லார்கிட்டயும் இருக்காது.

அடுத்து, திருத்துறதுக்கு வாத்தியார் இல்லங்கிற குறையை ஈடுகட்டணும். அதுக்கு ஒரே ஆளோட ரெண்டு சி.வி.யைப் பக்கத்துல பக்கத்துல வைங்க. ஒரு வேலை விளம்பரத்தையும் கொடுத்து, "நீங்க ஹெச்.ஆர்., யாரைக் கூப்பிடுவீங்க? ஏன்?"னு கேளுங்க. மாணவர் பதில் சொன்ன பிறகு விளக்கம் வரட்டும். அடுத்தவர் சி.வி.யை எடைபோடக் கத்துக்கிட்டவருக்குத் தன்னோடதுல இருக்கிற ஓட்டை தானா தெரியும்.

கடைசியா ஒரு சோதனை. எழுதின ஒவ்வொரு வரிக்கும், "இன்டர்வியூல இதைப் பத்தி ரெண்டு நிமிஷம் பேச முடியுமா?" முடியலன்னா அந்த வரியை எடுத்துடலாம்.

காலேஜ்ல இதைச் செய்ய பெரிய பட்ஜெட் வேணாம். ஒரு கூகுள் ஃபார்ம், பத்து நல்ல கேள்வி, நாலு ஆடியோ, ரெண்டு மாதிரி சி.வி. இந்த வாரம் அந்தப் பத்துக் கேள்வியை எழுதி, ஒரே ஒரு ஜூனியர்கிட்ட கொடுத்துப் பாருங்க. என்ன வந்ததுன்னு எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!