ஊட்டும் கையும் மூடிய வாயும்

(மகாவீர ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

வழக்கமாக இம்மேடையில் சிந்தாமணி, சூளாமணி என்று காப்பியம் பேசுகிறவள் நான். இவ்வாண்டு முதியோர் பேணல் பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். அதிலும் ஒரு கூற்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். மறதி நோய் முற்றிய முதியவர்க்கு உணவு ஊட்டுவது எப்படி, ஊட்டுவதை எங்கே நிறுத்துவது என்பதே அது. 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்று, நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோருள் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, இந்நோய் உண்டு என்று மதிப்பிட்டது. வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டாரத்து நம் ஊர்களில், பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்ட பெரிய வீடுகளில், இந்த எண்ணிக்கைக்கு முகம் உண்டு. அதை இங்கிருக்கும் பலர் அறிவீர்கள்.

தமிழாசிரியை என்பதால் இலக்கணத்திலிருந்து தொடங்குகிறேன், பொறுத்தருள்க. 'உண்' என்பது தன்வினை, 'ஊட்டு' என்பது பிறவினை. பிறவினையில் தொழிலைச் செய்விப்பவர் ஒருவர், செய்பவர் இன்னொருவர். ஊட்டுகிறவள் உண்பதில்லை, உண்ணும் தொழிலை வாய் திறந்து, மென்று, விழுங்கி நிறைவேற்றுகிறவர் நோயாளியே. அவர் செய்யாதபோது நாம் செய்வது ஊட்டுதல் ஆகாது. அதற்குத் தமிழில் வேறு சொல் இருக்கிறது: திணித்தல்.

இந்நோய் பெயர்களையும் முகங்களையும் மட்டும் அழிப்பதில்லை. முற்றிய நிலையில் தட்டில் இருப்பது உணவு என்பதும், வாயிலிட்டதை விழுங்க வேண்டும் என்பதும் மறந்துபோகின்றன. சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அரை மணி நேரம் அப்படியே அமர்ந்திருப்பார்கள். அது பிடிவாதம் அன்று. மூளை, நாவுக்கும் தொண்டைக்கும் ஆணை அனுப்பத் தவறுகிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரைச் சுற்றியுள்ள முதியோர் இல்லங்களில் நோய் முற்றிய 323 பேரை 18 மாதம் தொடர்ந்து கவனித்து, 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். அவர்களுள் 86 விழுக்காட்டினர்க்கு உண்பதில் இடர்ப்பாடு தோன்றியது. பாதிக்கும் மேற்பட்டோர் அந்தக் காலத்திற்குள் மறைந்தனர். ஆகவே உணவு இறங்காமை என்பது பெரும்பாலும் நம் சமையலின் குறையோ மருமகளின் குறையோ அன்று. நோய் தன் கடைசிப் பகுதிக்கு வந்துவிட்டதன் அடையாளம். மருமகளின் குறை அன்று என்பதை நாத்தனார்களும் சற்றே செவிமடுக்க வேண்டுகிறேன்.

என் மாமியாருக்கு மூன்று ஆண்டுகள் ஊட்டியிருக்கிறேன். கற்றவற்றுள் சிலவற்றைச் சொல்கிறேன்.

நம் முன்னோர் உணவை உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என்று நால்வகைப்படுத்தினர். இந்நோயில் முதலில் விலகுவன தின்பன: முறுக்கு, பொரி, வறுவல். நாம் எதிர்பாராத வகையில் அடுத்துத் தொல்லை தருவது பருகுவன. தெளிந்த நீர்தான் விரைந்தோடி மூச்சுக்குழலுக்குள் புகும். ரசம் ஊற்றிய சோறு இன்னும் இடர். நீர் முன்னே ஓடிவிட, பருக்கை வாயில் தங்கிவிடும். கடைசிவரை துணை நிற்பவை உண்பனவற்றுள் குழைந்தவையும், நக்குவன போன்று கெட்டியாய் இருப்பவையும்: கேழ்வரகுக் கூழ், நெய்யிட்டுக் குழைத்த பயற்றம்பருப்புச் சோறு, மசித்த பூவன்பழம், கெட்டித் தயிர், வேகவைத்து மசித்த பரங்கிக்காய்.

நீரை அண்ணாந்து குடிப்பது நம் ஆசாரம். எச்சில் படக் கூடாது என்ற தூய்மை உணர்வு அதில் உண்டு. ஆனால் இந்நோயாளர்க்கு ஒருபோதும் தலையை அண்ணாத்தி நீர் வார்க்கலாகாது. நிமிர்ந்து அமரவைத்து, முகவாய் சற்றே தாழ்ந்திருக்க, சிறு கரண்டியால், நாமும் அவர் முன் அமர்ந்து அவர் கண்ணுக்கு நேரே நின்று ஊட்ட வேண்டும். ஒரு வாய் உள்ளே போயிற்றா என்று தொண்டை அசைவைப் பார்த்தபின் அடுத்த வாய். உண்டபின் அரை மணி நேரம் படுக்கவைக்கலாகாது. இருமல், கண்ணீர், நீர் தளும்புவது போன்ற குரல் ஆகியவை எச்சரிக்கைகள். உடனே நிறுத்திவிட வேண்டும். சிலருக்கு இருமலே இன்றி உள்ளே இறங்கிவிடுவதும் உண்டு. பின்னர் காய்ச்சலாக வெளிப்படும். வாயை நாள்தோறும் துடைத்துத் தூய்மை செய்வது அந்தச் சளிக்காய்ச்சலைத் தடுக்க உதவும். பலரும் விட்டுவிடுகிற பணி இது.

வெள்ளைத் தட்டில் வெண்சோறு அவர்கள் கண்ணுக்குப் புலப்படாமல் போகும். வாழையிலையில் வைத்தால் தெரியும். என் மாமியார் தட்டைத் தள்ளிய நாள்களிலும் இலையைக் கண்டால் தாமே கை நீட்டினார். அந்தக் கையை விடாமல், அதன் மேல் என் கையை வைத்து வாய்க்குக் கொண்டுபோவேன். தம் கையே தம் வாய்க்கு வருகிறதென்றால் வாய் தானே திறக்கும்.

நம் ஒழுக்கத்திற்கும் இதற்கும் முரண் வருமோ என்று கேட்கிறார்கள். பெரிதும் வராது. கிழங்கும் தேனும் முட்டையும் இன்றியே வேண்டிய சத்தைப் பாலும் பயறும் எள்ளும் நெய்யும் தரும். மருத்துவமனை உணவியலாளர் எழுதித் தரும் பட்டியலில் இவற்றை மாற்றித் தருமாறு கேட்கலாம், தருவார்கள். இரவுணவு ஒன்றுதான் சிக்கல். அவர்கள் பெரும்பாலும் காலையில் தெளிவாயிருப்பார்கள். மாலை சாயச் சாயக் குழப்பம் மிகும். ஆகவே காலையில் கூடுதலாகவும், பொழுது சாயுமுன் சிறிது சிறிதாக இருமுறையும் ஊட்டுவது நோன்புக்கும் பொருந்தும், நோய்க்கும் பொருந்தும். அதையும் மீறி நள்ளிரவில் பசி என்று அழுதால்? முனிவர்களிடம் கேட்டுத் தெளிக. நான் பால் கொடுத்தேன். நோன்பை ஏற்றவரின் நினைவு அகன்றுவிட்டது, பசித்த உடல் மட்டும் எஞ்சி நிற்கிறது என்பது என் துணிபு.

இனிக் கடினமான பகுதி. ஒரு நாள் எதுவும் இறங்காது. அப்போது இரண்டு குரல்கள் வீட்டில் எழும்.

ஒன்று, குழாய் வைத்துவிடலாம் என்பது. மூக்கு வழியோ வயிற்றில் துளையிட்டோ வைப்பார்கள். பக்கவாதத்திலும் தொண்டை அறுவை மருத்துவத்திலும் குழாய் உயிர்காக்கும் துணை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முற்றிய மறதி நோயில் குழாய் ஆயுளை நீட்டுவதாகவோ, நுரையீரல் சளிக்காய்ச்சலைத் தடுப்பதாகவோ சான்று இல்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல், இந்நிலையில் குழாயைப் பரிந்துரைக்க வேண்டாம், கையால் கவனமாக ஊட்டுக என்றே அறிவித்தது. எங்களுக்கும் ஒரு மருத்துவமனையில் குழாய்தான் வழி என்றார்கள். ஏன் என்று அறியாத நோயாளி அதைப் பிடுங்குவார். பிடுங்காதிருக்கக் கைகளைக் கட்டுவார்கள். அடுத்த கட்டிலில் அப்படிக் கட்டப்பட்ட ஒரு மூதாட்டியைக் கண்டபின், நாங்கள் எழுதிக் கொடுத்துவிட்டு மாமியாரை வீட்டுக்கு அழைத்துவந்தோம்.

மற்றது, "உணவை விட்டுவிட்டார், சல்லேகனை ஏற்றுவிட்டார், நாமும் நிறுத்திவிடுவோம்" என்பது. பக்தியால் சொல்லப்படுவதுதான், ஆனால் பிழை. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவர் அறிந்து ஏற்றார். ஆசானிடம் உத்தரவு பெற்று, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு, எல்லோரையும் மன்னித்து, வாழும் ஆசையும் சாகும் ஆசையும் இன்றி நிற்பதே சல்லேகனை. 2015 ஆகஸ்டு 10இல் இராசத்தான் உயர்நீதிமன்றம் அதைத் தற்கொலைக்கு இணையாக்கியபோது, இது தெளிந்த அறிவோடு ஏற்கும் நோன்பு என்றுதானே நாம் வாதிட்டோம்? அம்மாத இறுதியிலேயே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்புக்குத் தடை விதித்தது. அந்த வாதம் நம்மையும் கட்டும். தம் பெயரே நினைவில்லாதவர் சார்பில் நாம் நோன்பு ஏற்க முடியாது.

உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அதிகாரத்தில் அகிம்சை விரதத்திற்கு நேரும் குற்றங்கள் ஐந்தைச் சொல்கிறது: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிய சுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். முதலாவதையும் ஐந்தாவதையும் சேர்த்துப் பாருங்கள். கையைக் கட்டிக் குழாய் வைப்பதும் குற்றத்தின் பக்கம்; பசித்த வாய்க்கு மறுப்பதும் குற்றத்தின் பக்கம். ஒரே பட்டியலில் இரண்டும் நிற்கின்றன.

இரண்டுக்கும் இடையில் என்ன செய்வது? ஆகாரதானம் அளித்திருக்கிறீர்கள். முனிவர் நின்றபடி இரு கைகளையும் குவித்து ஏற்பார். குவித்திருக்கும் வரை கவளம் இடுவோம். அவர் கையை விரித்துவிட்டால், வீட்டார் எத்துணை ஆசையோடு சமைத்திருந்தாலும், இன்னும் ஒரு கவளம் என்று யாரும் திணிப்பதில்லை. முனிவர் அறிந்து விரிக்கிறார், நோயாளி அறியாமல் வாயை மூடுகிறார். அந்த வேற்றுமை பெரிது, மறக்கவில்லை. ஆனால் கொடுப்பவரின் கடமை ஈரிடத்தும் ஒன்றே. அன்று மூடிய வாய் நாளைக் காலை திறக்கலாம். ஆகவே ஒவ்வொரு வேளையும் மீண்டும் கரண்டியோடு போய் அமர வேண்டும். திறந்தால் ஒரு வாய். திறக்காவிட்டால் ஈரத்துணியால் உதட்டை நனைத்து, பஞ்சமந்திரத்தைச் செவியில் ஓதி எழுந்துவர வேண்டும். எதை எதிர்நோக்குகிறோம் என்பதை மருத்துவரோடும் உடன்பிறந்தாரோடும் முன்னதாகவே பேசி முடிவு செய்திருப்பது நன்று. கட்டிலருகே நின்று வாதிடுவது துன்பம்.

அறக்கட்டளையார்க்கு ஒரு விண்ணப்பம். ஒரு வேளை ஊட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். நாளொன்றுக்கு மூன்று, நான்கு முறை. அதைத் தனியே செய்யும் பெண் ஜினாலயத்துக்கு வந்தே மாதக்கணக்காகியிருக்கும். நோயுற்றோர்க்குச் செய்யும் தொண்டாகிய வையாவிருத்தியத்தை அகத்தவம் ஆறனுள் ஒன்றாக வைத்த மரபு நம்முடையது. ஊர்தோறும் நான்கைந்து பேர் முன்வந்து, அந்த வீட்டில் ஒரு வேளை ஊட்டும் பொறுப்பை வாரம் ஒருமுறை ஏற்றால், அவள் அன்று கோயிலுக்கு வரலாம், அல்லது உறங்கலாம். ஊட்டும் முறையைக் கற்றுத்தர நான் வருகிறேன். பெயர் தருவோர் விழா அலுவலகத்தில் இன்றே தரலாம்.