முளைக்காத கொன்றை

(கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



நாற்றங்கால் போட்ட குழுக்கள்ல ஒரே குறைதான் சொல்றீங்க: "புங்கன் முளைச்சிடுச்சு, சரக்கொன்றை முளைக்கல." விதை சொத்தை இல்லீங்க. அதன் தோல் அவ்வளவு கெட்டி, தண்ணி உள்ளே இறங்காது. தானா முளைக்க மாசக்கணக்காகும். அதுக்குள்ள பாத்தியைக் கொத்திப் போட்டுடறோம். குழுக்கடன்ல வாங்கின பையும் எருவும் வீண்.

கறுத்துக் காய்ந்த காயை உடைச்சு, விதையைப் பிசுக்குப் போகக் கழுவுங்க. (அந்தச் சதை பேதி மருந்து. கை கழுவாம பிள்ளைக்குச் சோறு ஊட்டிடாதீங்க!) முளை வரும் முனையை விட்டுட்டு, பக்கவாட்டில் உப்புத்தாள்ல தேயுங்க. உள்நிறம் லேசாத் தெரிஞ்சா போதும். ஒரு ராத்திரி தண்ணியில ஊறட்டும். காலையில உப்பின விதையை மட்டும் பையில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்க. உப்பாததை மறுபடி தேய்ங்க.

பெரிய நர்சரிகள்ல கந்தக அமிலத்தில் ஊறவைப்பாங்க. பிள்ளைங்க நடமாடுற வீட்டில் அது வேண்டவே வேண்டாம். நம்மகிட்ட பத்துப் பேர் கை இருக்கு, பேசிக்கிட்டே தேய்ச்சிடலாம்.

விதைக்கன்று பூக்கச் சில வருஷம் ஆகும். வாங்குறவங்ககிட்ட அதை முன்னாடியே சொல்லிடுங்க.