நந்தன் கேட்ட உத்தரவும் நம் வீட்டுக் கடனும்

(சிதம்பரத்தில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்பு பேசும் இடத்தில் குழுக் கடனையும் தண்டலையும் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். சிதம்பரத்தில் நின்றுகொண்டு அதைப் பேசாமல் இருப்பதுதான் எனக்குக் கடினம்.

இந்த ஊருக்கு வர நந்தன் ஆண்டையிடம் உத்தரவு கேட்டு நின்ற கதை நமக்குத் தெரியும். ஆனால் பெரியபுராணத்தில் அந்த ஆண்டை கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி எழுதிய நந்தனார் சரித்திரத்தில்தான் அந்த வேதியர் வருகிறார். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார். பாரதி அவரை வானத்திலிருந்து இறக்கவில்லை. தன்னைச் சுற்றிப் பண்ணையாட்கள் வாழ்ந்த வாழ்க்கையிலிருந்துதான் எடுத்தார்.

தென்னாற்காட்டிலும் அதே நிலைதான். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1918இல் வெளியிட்ட கிராம ஆய்வு நூலில், அன்றைய தென்னாற்காடு மாவட்டத்து இருவேல்பட்டும் ஒன்று. ஒருவர் எப்படிப் படியாள் ஆகிறார் என்பது அதில் இருக்கிறது. கல்யாணத்துக்காக ஐம்பதோ நூறோ கடன் வாங்குகிறார். அது அடைபடுவதே இல்லை. அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்குகிறது. நிலம் கைமாறினால் படியாளும் சேர்ந்து கைமாறுகிறார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கொடுத்த பணம் திரும்பி வருவது ஆண்டைக்கு அவசியமே இல்லை. ஆள் வெளியே போகாமல் இருந்தால் போதும். கணக்கும் அவரிடம்தான் இருந்தது. எவ்வளவு கட்டினோம், எவ்வளவு பாக்கி என்று படியாளுக்குத் தெரியாது. தெரியாதவரை கடன் தீராது.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடன்களை ரத்து செய்தது. இன்றும் செங்கல் சூளையிலோ கரும்பு வெட்டிலோ முன்பணத்தைக் காட்டி ஒரு குடும்பத்தை வெளியே விடாமல் வைத்திருந்தால், அந்த முன்பணத்தைத் திருப்பிக் கட்டும் கடமை சட்டப்படி அவர்களுக்கு இல்லை. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ அப்படி வைத்திருந்தால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் குற்றம்.

இன்று நம் தெருக்களில் ஆண்டை வந்து நிற்பதில்லை. வாரத் தவணைக்காரர் வருகிறார். நாம் ஊதாரித்தனமாகச் செலவழித்ததால் வந்த கடனா இது? ஆஸ்பத்திரி, கல்லூரிக் கட்டணம், ஒழுகுகிற கூரை, கல்யாணம். நிலம் இல்லாதவருக்கு வங்கி எளிதில் கதவு திறப்பதில்லை. வட்டிக்காரர் வாசலுக்கே வருகிறார். ஆகவே டீச்செலவைக் குறையுங்கள் என்று உங்களிடம் சொல்ல நான் வரவில்லை. கணக்கை நம் கைக்கு எடுப்போம் என்று சொல்லத்தான் வந்தேன்.

முதல் வேலை, ஒரு நோட்டு. யாரிடம் வாங்கியது, கையில் வந்தது எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு. அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா வாங்கியது இருக்கும். அம்மாவுக்குத் தெரியாமல் அப்பா வாங்கியது இருக்கும். இருவருக்கும் தெரியாமல் நீங்கள் போன் செயலியில் வாங்கியதும் இருக்கும். எல்லாம் ஒரே நோட்டில் வரட்டும். வீட்டில் விசாரணை நடத்தாதீர்கள். எழுதுகிறவராக மட்டும் உட்காருங்கள்.

இரண்டாவது, வட்டியை ஆண்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். பத்து வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் பத்து, ஆண்டுக்கு 120 விழுக்காடு. தண்டலில் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருகிறார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்டுகிறோம். பார்த்தால் 15 விழுக்காடு மாதிரி தெரியும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கிறோம். கணக்குப் போட்டால் இதுவும் ஆண்டுக்கு ஏறக்குறைய 120 விழுக்காடுதான்.

மூன்றாவது, கடன்களைப் பிரியுங்கள். ஆளைப் பிடித்து வைக்கும் முன்பணம் சட்டப்படி செல்லாது. தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் நாள் வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அரசு நிர்ணயித்ததற்கு மேல் வட்டி வாங்கினால் மூன்று ஆண்டுவரை சிறை. மீதியுள்ளதில் வட்டி அதிகமானதை முதலில் அடையுங்கள். ஒரு தவணையைக் கட்ட இன்னொரு குழுவில் வாங்குவதை நிறுத்துங்கள். 120 விழுக்காட்டுக் கடனை மூடக் கூட்டுறவு வங்கியில் குறைந்த வட்டிக்கு நகைக்கடன் வைப்பது வேறு; அதற்கு நோட்டில் கணக்கு இருக்க வேண்டும்.

நான்காவது, குழு. நுண்கடன் குழுவில் ஒரு பெண் கட்டவில்லை என்றால் மற்ற பெண்களே அவர் வாசலில் போய் நிற்கிறார்கள். சேர்ந்து நிற்க வேண்டியவர்களை ஒருவருக்கொருவர் காவல்காரர் ஆக்கியிருக்கிறது இந்த ஏற்பாடு. ரிசர்வ் வங்கியின் நுண்கடன் விதிகளைக் குழுவில் வாசித்துக் காட்டுங்கள். ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கக் கூடாது. வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. மிரட்டக் கூடாது, ஊரறிய அவமானப்படுத்தக் கூடாது. முன்கூட்டியே கட்டினால் அபராதம் கிடையாது. கடன் அட்டை நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும்.

சட்டம் இருந்தால் போதுமா? 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமை என்று பலமுறை மனு கொடுத்த ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே தீக்குளித்தார். நால்வரும் இறந்தார்கள். அப்போது கந்துவட்டிச் சட்டத்துக்கு 14 வயது. மனு கையில் இருந்தது. கூட நிற்க ஆள் இல்லை.

அதனால்தான் இதை இயக்கத்தின் வேலை என்கிறேன். கடனை மானப் பிரச்சினையாக நினைத்து ஒவ்வொரு வீடும் கதவைச் சாத்திக்கொள்கிறது. அந்தக் கதவைத் தட்ட வேண்டியவர்கள் நீங்கள். யாரும் தனியாக மனு கொடுக்கப் போக வேண்டாம், பத்துப் பேர் சேர்ந்து போங்கள். ரசீது இல்லாமல் தவணை கட்டவிடாதீர்கள். தெருவுக்கு ஒருவர் கணக்குப் போடத் தெரிந்தவராக இருந்தால் போதும்.

சுவாமி சகஜானந்தர் 1916இல் இதே ஊரில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியது நம் பிள்ளைகள் எழுதப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. அந்த எழுத்தும் கணக்கும் இன்று உங்களிடம் இருக்கிறது. இன்று இரவு வீட்டுக்குப் போனதும் நோட்டை எடுத்து அம்மாவின் பக்கத்தில் உட்காருங்கள். அடுத்த வாரம் சந்திக்கும்போது நோட்டோடு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.