குறிப்புக் கலத்தை வாசிப்போம்

முதன்மைச் சான்று என்றதும் நமக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம்தான் நினைவுக்கு வருகிறது. போகத்தான் வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையையும், அதையொட்டி 1892இல் வந்த அரசாணையையும் படிக்காமல் பஞ்சமி நிலம் பற்றிப் பேச முடியாது. ஆனால் ஓசூர் கிராமம் ஒன்றின் சர்வே எண் அதில் கிடைக்காது. அது தாலுகா அலுவலக அலமாரியில் இருக்கிறது.

கணினிச் சிட்டாவோடு நாம் திரும்பிவிடக் கூடாது. அது மட்டும் போதாது. 1980களின் யுடிஆர் பணிக்கு முந்தைய 'அ' பதிவேட்டைக் கேட்டு வாங்கி, குறிப்புக் கலத்தைப் பார்க்க வேண்டும். 'டி.சி.' என்று இருந்தால் அது நிபந்தனை நிலம்: பத்தாண்டு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். அடுத்து வில்லங்கச் சான்று. 1970களில் சிப்காட் வந்து விலை ஏறியதையும் நிலம் கைமாறிய ஆண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

இந்த வட்டங்கள் 1965 வரை சேலம் மாவட்டம், 2004 வரை தருமபுரி மாவட்டம். 'கோப்பு இல்லை' என்று சொன்னால் அங்கேயும் கேட்க வேண்டும்.

பதிவேட்டை எழுதியவர் கர்ணம். அவர் சேரிக்காரர் அல்லர். அவர் எழுதாமல் விட்டதாலேயே நமக்கு நிலம் இல்லை என்று ஆகிவிடாது. நம் பாட்டிகள் தெலுங்கிலும் கன்னடத்திலும் சொல்லும் வயல் பெயர்களைக் குறித்துக்கொள்வோம். நீதிமன்றத்தில் அவை தனியாக நிற்காது. எந்தப் புல எண்ணைத் தேடுவது என்று அவைதான் காட்டும்.

1994இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தது காரணைப் பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில். இங்கே நம் கிராமங்களின் பழைய பதிவேடுகளை நாம் இன்னும் முழுதாகப் புரட்டவே இல்லை.